மீன்தொட்டி மருந்தை முகத்தில் பூசலாமா? மெதிலீன் புளூ பற்றி ஒரு பதில்

நிலாவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். முகப்பருக்கள் ஆறிய பின்னர் அவருடைய கன்னங்களில் கருந்தழும்புகள் தங்கிவிட்டன. மெதிலீன் புளூ என்ற சாயம் சேர்த்த நீல நிறச் சீரம் (முகத்தில் பூசும் திரவம்) தோலை இளமையாக்கும், தழும்பை மறைக்கும் என்று கைப்பேசியில் பார்த்த காணொளிகள் சொல்கின்றன. வெளிநாட்டுச் சீரத்தின் விலை கைக்கு எட்டாதது. ஆனால் வண்ணமீன் வளர்க்கும் தம்பியின் அலுமாரியில் அதே பெயர் ஒட்டிய போத்தல் ஒன்று இருக்கிறது. "சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்கும் காயத்துக்கும் பூசிய நீல மருந்துதானே, அதில் இரண்டு துளியைக் கிறீமில் கலந்து பூசினால் என்ன?" என்பதே கேள்வி. கேள்வியின் ஓரத்தில் இரண்டு விபரங்களையும் எழுதியிருக்கிறார்: தான் மனச்சோர்வுக்காகச் செர்ட்ரலீன் குளிசை எடுத்து வருகிறார், தம்பிக்குப் பிறந்த கையோடு கடுமையான மஞ்சட்காமாலை வந்து, ஜி6பிடி குறைபாடு (செங்குருதிக் கலத்தைக் காக்கும் ஒரு நொதியத்தின் குறைவு) இருப்பதாக வைத்தியசாலையில் சொன்னார்களாம். கேள்வியைவிட இந்த இரண்டு விபரங்களுமே இந்தப் பதிலை நீளமாக எழுத வைத்தன.

நான் திருகோணமலையில் இருபது வருடங்களுக்கு மேலாக மருந்தாளராக இருப்பவன். தோல் வைத்தியர் அல்லன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பியின் போத்தலிலிருந்து ஒரு துளியும் உங்கள் முகத்துக்கு வேண்டாம். முறையாகத் தயாரிக்கப்பட்ட, மிகக் குறைந்த செறிவுள்ள சீரத்தைப் பொறுத்தவரை, காயமில்லாத தோலில் பூசும் பெரும்பாலானோருக்கு அது பெருந்தீங்கு செய்யும் என்று சொல்ல ஆதாரமில்லை. உங்கள் கருந்தழும்பை அது போக்கும் என்று சொல்லவும் ஆதாரமில்லை. ஏன் அப்படி என்பதுதான் மிகுதி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் தாய்மார் குழந்தைகளின் வாயில் வெள்ளை படிந்தபோதும், முழங்கால் சிராய்ந்தபோதும் பஞ்சில் தொட்டுப் பூசிய மருந்து பெரும்பாலும் ஜென்ஷியன் வயலட். அது ஊதா, இது நீலம். இரண்டும் சாயங்கள், இரண்டும் கிருமிகளைத் தடுப்பவை, இரண்டும் துணியில் பட்டால் போகாதவை. ஆனால் வேதியியலில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆகவே "சின்ன வயதில் பூசிய மருந்துதானே" என்ற நம்பிக்கை ஆளை மாற்றி வைத்த நம்பிக்கை. அந்த ஊதா மருந்துக்குக்கூட இன்று பழைய நற்பெயர் இல்லை. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதற்கான சான்றுகளை வைத்துக் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2019இல் அதன் பாவனைக்கு எதிராக எச்சரித்தது.

மெதிலீன் புளூவின் பிறப்பிடம் மருந்தகம் அன்று, சாயப்பட்டறை. 1876இல் ஜேர்மனியின் பிஏஎஸ்எப் (BASF) நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் துணிக்குச் சாயமாக இதைத் தயாரித்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் இந்தச் சாயம் கிருமிகளைத் தேடிப் பற்றிக்கொள்வதைக் கண்ட ஜேர்மன் வைத்திய ஆய்வாளர் பவுல் ஏர்லிக், பற்றிக்கொள்ளும் பொருள் கொல்லவும் கூடும் என்று எண்ணி, 1891இல் குட்மன் என்ற வைத்தியருடன் சேர்ந்து மலேரியா நோயாளர் இருவருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். முழுக்க ஆய்வுகூடத்தில் தொகுக்கப்பட்டு மனிதருக்கு மருந்தான முதற் பொருள் இதுவே என்பார்கள். நம் மாவட்டத்துக்கும் இதன் உறவினர் ஒருவர் நன்கு பழக்கமானவர். மலேரியாக் காலத்தில் விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நீலமாக நிறமூட்டிப் பார்ப்பார்களே, அந்த ஜீம்சா சாயத்தில் இருப்பவை மெதிலீன் புளூவிலிருந்து பெறப்படும் அசூர் சாயங்கள்தாம்.

பின்னர் சிறுநீர்ப்பாதைக் கிருமிநீக்கியாக விழுங்கக் கொடுத்தார்கள். சிறுநீர் நீலப்பச்சையாகப் போவதைக் கண்டு நோயாளர் அஞ்சியதும் உண்டு. இன்று வைத்தியசாலைகளில் இதன் முதன்மையான வேலை வேறு. சில நச்சுப் பொருட்களாலோ மருந்துகளாலோ இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க இயலாத வடிவத்துக்கு மாறும்போது, உடல் நிறை ஒரு கிலோகிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்ற அளவில் நாளத்தினூடாக இதை ஏற்றி மீட்கிறார்கள். அதே மருந்து கிலோகிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால், எந்தக் கோளாறைத் தீர்க்கக் கொடுத்தார்களோ அதே கோளாற்றைத் தானே உண்டாக்கிவிடும். இந்த இரட்டைக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலிலும் இதே கதைதான் நடக்கிறது.

காணொளிகள் பெரிதாகப் பேசும் ஆய்வு 2017இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டது. உண்மையான, படிக்கத் தகுந்த ஆய்வு. கிண்ணத்தில் வளர்த்த மனிதத் தோற் கலங்களுக்கு மெதிலீன் புளூ கொடுத்தபோது அவை முதுமையின் அடையாளங்களைக் குறைவாகக் காட்டின; ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பிய முப்பரிமாணத் தோல் மாதிரியில் நீரேற்றமும் உட்தோலின் தடிப்பும் கூடின; எரிச்சல் தென்படவில்லை. கலத்துக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளில் இலத்திரன்களை வாங்கிக் கொடுக்கும் தரகராக இந்தச் சாயம் வேலை செய்வதால், அங்கே கசியும் தீய ஒட்சிசன் வடிவங்கள் குறைகின்றன என்பது விளக்கம். ஆனால் கிண்ணத்துக் கலம் ஒரு பெண்ணின் கன்னம் அன்று. நிலாவெளி வெயிலில் அது பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை. அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இதே சாயத்தைச் சேர்த்த சருமப் பூச்சுகளை விற்கும் நிறுவனத்தின் நிறுவுநருமாவார் என்பதையும் வாசகர் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது, ஆயினும் தொடர்பில்லாத வேறு ஆட்களும் மனிதத் தோலில் செய்து காட்டும்வரை நான் காத்திருப்பேன்.

அந்த ஆய்வில் கலங்களுக்குக் கொடுத்த அளவைப் பாருங்கள். 100 நனோமோல் செறிவு என்பது ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 32 மைக்குரோகிராம். தம்பியின் போத்தல் 1 சதவீதக் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். அதைவிடக் கடுமையானவையும் கடைகளில் உண்டு. அதன் ஒரு துளியில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் சாயம் இருக்கும். ஆய்வின் செறிவுக்கு அதைக் கொண்டுவர வேண்டுமானால், அந்த ஒரு துளியைக் கிணற்றடி வாளி நிறைய, அதாவது 15 லீற்றருக்கும் சற்று மேற்பட்ட தண்ணீரில் கரைக்க வேண்டும். நீங்கள் நினைத்ததுபோல இரண்டு துளியை 50 கிராம் கிறீமில் கலந்தால், கிடைப்பது ஆய்வில் பயன்பட்டதைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல். தோல் முழுவதையும் உள்ளே விடாது என்பது உண்மைதான். மின்னேற்றம் கொண்ட, நீரில் கரையும் மூலக்கூறுக்கு நல்ல தோல் இலகுவில் வழி விடுவதில்லை. ஆனாலும் "இரண்டே இரண்டு துளி" என்ற சொல்லில் இருக்கும் அடக்கம் அந்தப் போத்தலுக்குள் இல்லை.

அளவு கூடினால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் வெயில் வருகிறது. மெதிலீன் புளூ ஒளியைப் பிடிக்கும் பொருள். 660 நனோமீற்றரை ஒட்டிய சிவப்பு ஒளியை உறிஞ்சி, அந்தச் சக்தியைப் பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுத்து, அதைக் கலங்களை அரிக்கும் வீரியமுள்ள வடிவமாக மாற்றிவிடும். இது யாரோ கிளப்பிய பயமுறுத்தல் அன்று. இந்தக் குணத்தை நம்பியே வைத்தியம் செய்கிறார்கள். தானமாகப் பெற்ற குருதித் திரவவிழையத்தில் (பிளாஸ்மாவில்) இச்சாயத்தைச் சேர்த்து ஒளிபாய்ச்சி வைரசுகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். பிடிவாதமான சில தோல் நோய்களில் சாயத்தைப் பூசிச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். அங்கெல்லாம் சாயத்தின் அளவு, ஒளியின் நிறம், நிமிடக் கணக்கு மூன்றும் வைத்தியரின் கையில் இருக்கும். மூதூருக்குப் படகேறும் ஒருவர் முகத்தில் இதைப் பூசிக்கொண்டு கடல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் இருந்தால், அந்த மூன்றில் ஒன்றும் யார் கையிலும் இல்லை. சூரிய ஒளியில் சிவப்பும் தாராளமாகவே இருக்கிறது. இருட்டில், மிகக் குறைந்த அளவில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் இதே பொருள், வெளிச்சத்தில், கூடிய அளவில் ஒட்சியேற்றத்தைத் தூண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில், வியர்வையோடு பூச்சு கலந்து வழியும் ஊரில், இது சின்ன விடயம் அன்று. அதைவிட, உங்களைப் போன்ற மாநிறத் தோலில் எந்த எரிச்சலும் ஆறும்போது கருமையை விட்டுச் செல்லும். தழும்பை மாற்றப் போய்த் தழும்பை வாங்கி வருவது என்பது இதுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021இல் அதே குழுவினர் இச்சாயம் புறவூதாக் கதிரிலிருந்து தோற் கலங்களைக் காக்கக்கூடும் என்றும், ஒட்சிபென்சோன் என்ற வழமையான வெயில்காப்புப் பொருள் பாதித்த மென்பவளம் ஒன்றை இது பாதிக்கவில்லை என்றும் எழுதினார்கள். புறாத்தீவின் பவளப்பாறைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் அதை ஆர்வத்தோடு வாசித்தேன். ஆனால் அதை வைத்து மெதிலீன் புளூவைச் சன்ஸ்கிறீனுக்குப் பதிலாகப் பூசும் நிலைக்கு நாம் வந்துவிடவில்லை.

அடுத்தது தூய்மை. மருந்துத் தரத்திலான மெதிலீன் புளூவுக்கு மருந்து நூல்கள் எல்லை வகுத்திருக்கின்றன: கூட வரும் அசூர் சாயங்கள் எவ்வளவு, உலோகங்கள் எவ்வளவு என்று. சாயத் தொழிலுக்கான மெதிலீன் புளூவோ பல சமயம் நாகக் குளோரைட்டுடன் சேர்ந்த இரட்டை உப்பாகவே வருகிறது. துணி அதைப் பற்றிக் கவலைப்படாது. மீன்தொட்டிக்கு விற்கும் போத்தல் எந்த வகையிலிருந்து வந்தது என்பதை அதன் லேபலிலிருந்து அறிய முடிவதில்லை. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு விற்கும் சில கலவைகளில் மலகைட் கிறீனும் போமலினும் சேர்ந்திருக்கும். அவை முகத்தில் படவே கூடாதவை. நீலமாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல என்பதை நான் கடையில் வாரம் ஒருமுறையாவது யாருக்காவது சொல்ல நேர்கிறது.

இனி உங்கள் குளிசை. மெதிலீன் புளூ மோனோஅமீன் ஒக்சிடேஸ் ஏ என்ற நொதியத்தை வலுவாகத் தடுக்கும். செர்ட்ரலீன் மூளையில் செரற்றோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கூட்டி வைக்கும் மருந்து. அதை உடைக்கும் நொதியத்தையும் தடுத்துவிட்டால் செரற்றோனின் அளவுமீறி, காய்ச்சல், நடுக்கம், தடுமாற்றம், தசை விறைப்பு என்று உயிராபத்துவரை போகலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2011இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அந்த எச்சரிக்கைக்குக் காரணமான நோயாளருக்கு மருந்து நாளத்தினூடாகக் கொடுக்கப்பட்டிருந்தது. முகத்தில் பூசிய சொற்பம் அந்த நிலைக்கு இட்டுச் செல்லும் என்று நான் சொன்னால் அது மிகைப்படுத்தலாகும். ஆனால் காணொளிகளில் பூசுவதோடு நிற்பதில்லையே. "உள்ளுக்கும் சில துளிகள்" என்று தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாயால் எடுத்தால் இது குருதியில் நன்றாகவே சேரும். செர்ட்ரலீன், புளுவொக்சற்றீன் போன்ற குளிசை எடுப்பவர் அதைக் குடிப்பது தீயோடு விளையாடுவது. சீரம் பூசுவதற்காக, உங்களைத் தேற்றி வைத்திருக்கும் குளிசையை நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை. அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

தம்பியின் குறைபாட்டுக்கு வருவோம். ஜி6பிடி என்பது செங்குருதிக் கலத்தை ஒட்சியேற்றத் தாக்குதலிலிருந்து காப்பதற்குத் தேவையான ஒரு நொதியம். மெதிலீன் புளூ உடலில் முறையாக வேலை செய்வதற்கு இந்த நொதியம் உண்டாக்கித் தரும் பொருள் வேண்டும். அது போதாத உடலில் சாயம் மருந்தாக வேலை செய்யாமல், செங்கலங்களை உடைக்கும் பொருளாக மாறிவிடும். சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்துப் போவதும், உடல் வெளிறுவதும், கண் மஞ்சளாவதும் அதன் அறிகுறிகள். இதனால்தான் இக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஊசியாகக் கொடுப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. மலேரியா தலைமுறை தலைமுறையாக நிலவிய நாடுகளில் இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படும். குறைபாட்டோடு பிறந்தவர்களை மலேரியா சற்று விட்டுவைத்ததே அதற்குக் காரணம். இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012இல் அற்றுப்போய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது; ஆனால் நோய் போனதும் பரம்பரை அலகு போய்விடுவதில்லை. அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களிடமே பெரும்பாலும் வெளிப்படும். பெண்கள் சுமந்து செல்வார்கள், சிலரிடம் ஓரளவு வெளிப்படவும் செய்யும். தம்பிக்கு இருப்பதால் உங்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு, சகோதரி. சீரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதற்கு இதுவே போதிய காரணம்.

ஊசி முனை உருளையால் முகத்தைத் துளைத்துவிட்டு மேலே சீரத்தைத் தடவும் வழக்கம் ஒன்று அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் பரவியிருக்கிறது. மெதிலீன் புளூவுடன் அதைச் செய்யவே கூடாது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் நிணநீர்க் கணுவைக் கண்டறிய இச்சாயத்தைத் தோலுக்குள் ஏற்றிய இடங்களில் தோல் செத்து உதிர்ந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தோலின் மேல் இருக்கும் சாயமும் தோலுக்குள் இருக்கும் சாயமும் ஒன்றல்ல. உடைந்த பரு, சுரண்டிய காயம், எக்சிமா உள்ள இடம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புண்ணுக்கு வைக்கும் பஞ்சுக் கட்டுகள் சிலவற்றில் மெதிலீன் புளூவும் ஜென்ஷியன் வயலட்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பது உண்மை. அவை பஞ்சுக்குள் பிணைக்கப்பட்டு, புண்ணின் கசிவில் கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்பவை, அழகுப் பூச்சல்ல. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இதை எந்த வடிவிலும் தவிர்ப்பதே சரி. கருப்பைக்குள் ஏற்றப்பட்ட காலத்தில் சிசுக்களின் குடலையும் குருதியையும் அது பாதித்ததை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

புற்றுநோய் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடங்கள் வாய்வழியாக ஊட்டப்பட்ட ஆண் எலிகளில் சதையியில் (கணையத்தில்) கட்டிகளுக்கான ஓரளவு சான்று கிடைத்தது. அதன் பின்னரும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் தொகுதியிலேயே வைத்திருக்கிறது. பூசுபவர் இதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பணத்தைச் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், கருந்தழும்புக்குச் சான்றுள்ள வழி இருக்கிறது. அசெலயிக் அமிலக் கிறீம் கருமையை உண்டாக்கும் நொதியத்தைத் தடுப்பதோடு பருவையும் அடக்கும். கருவுற்றவர்களுக்கும் பொதுவாகப் பொருந்துவது. அடபலீன் ஜெல்லும் உதவும், ஆனால் அது கர்ப்ப காலத்துக்கு உரியதன்று. இரண்டிலும் மூன்று மாதத்துக்கு முன்னர் கண்ணாடியைப் பார்த்துச் சலிக்கக் கூடாது. இவற்றைவிட முக்கியமானது வெயில்காப்பு. மாநிறத் தோலில் புறவூதாக் கதிர் மாத்திரமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தழும்பைக் கறுக்கச் செய்யும். அதைத் தடுப்பது இரும்பு ஒட்சைட்டு சேர்த்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிறீன்தான், வெள்ளைப் பூச்சு அவ்வளவாகத் தடுப்பதில்லை. குடையும் தொப்பியும் அதைவிட மலிவு. பெயர் தெரியாத வெண்மையாக்கும் கிறீம்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். பாதரசமும் ஸ்ரீரோயிட்டும் கலந்தவை அந்தக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கின்றன.

நீலச் சீரத்தைத்தான் பார்ப்பேன் என்றால், செறிவை எழுதாத போத்தலை வாங்காதீர்கள். இரவில் மட்டும், முதலில் முழங்கைக்கு உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பாருங்கள். காலையில் நன்றாகக் கழுவிவிடுங்கள். அதற்கு முன்னர் குளிசை எழுதித்தந்த வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவும் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே போத்தலில் விரலை விட்டுப் பார்த்திருந்தால் அஞ்ச வேண்டாம். தோலில் ஒட்டிய நீலம் மேற்றோல் உதிர உதிரச் சில நாட்களில் போய்விடும். அதைப் போக்கச் சலவைக்கான வெளிற்றித் திரவத்தை முகத்தில் தேய்க்காதீர்கள். தலையணை உறைக்கு நான் பொறுப்பில்லை.

கடைசியாகத் தம்பிக்கு. மீன்களுக்காக அந்தப் போத்தலை அவர் கையாள்வதாக இருந்தால் கையுறை போடட்டும், தொட்டித் தண்ணீரைக் குழாயால் வாயில் உறிஞ்சி இறக்கும் பழக்கம் இருந்தால் விடட்டும். தொட்டியில் கரைந்த அளவு சிறியதுதான், ஆனாலும் அவருக்கு அந்தச் சிறியதும் தேவையில்லை. போத்தல் இருக்கும் அதே அலுமாரியில் உடுப்புகளுக்கிடையே நப்தலீன் பூச்சி உருண்டைகள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். ஜி6பிடி குறைபாடு உள்ளவரின் செங்குருதிக் கலங்களை அவையும் உடைக்கும். கிடந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு, உடுப்புகளைத் துவைத்து வெயிலில் உலரப் போடுங்கள்.